அண்ணாமலைக்கு வருகிறீர்களா? தங்குமிடத்தை முதலில் பாருங்கள்!

'இந்தப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போயிட்டு வரலாமா?' என்று வீட்டில் யாராவது பேச்சை எடுத்தால் போதும். அடுத்த அரை மணியில் புளியோதரைக்குப் புளியை ஊறப் போட்டுவிடுவோம் நாம். எந்த பஸ், எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் யார் வருகிறார்கள், யாருக்கு எந்தப் புடவை - எல்லாவற்றையும் பேசி முடித்தாகிவிடும். ராத்திரி எங்கே தங்குவது என்பதை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். 'ஊர் முழுக்க லாட்ஜ்தானே, போய்ப் பார்த்துக்கலாம்' என்று வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். விஷயம் அதோடு முடிந்தது!

சகோதரிகளே, இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. வீடு கோயிலுக்கு நடக்கிற தூரம். பௌர்ணமி என்றால் எங்கள் வீட்டுத் திண்ணை, கூடம், மொட்டை மாடி எல்லாம் உறவுக்காரர்களால் நிறைந்துவிடும். நாத்தனார் குடும்பம், ஓரகத்தியின் அக்கா குடும்பம், அந்த அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று வருவார்கள். (சந்தோஷம்தான், சமையல் மட்டும்தான் கொஞ்சம் சிரமம்!) இத்தனை வருஷத்தில் கைக்குழந்தையோடு வந்தவர்கள், முழங்கால் வலியோடு வந்தவர்கள், பெண்களாகச் சேர்ந்து வந்தவர்கள் என்று எல்லாருக்கும் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

திருவண்ணாமலையில் வழி தவறுவது கஷ்டம். நிமிர்ந்து பார்த்தால் மலை தெரியும். சுமார் 2,668 அடி உயரம். மலையின் கிழக்கு அடிவாரத்தில் அருணாசலேஸ்வரர் கோயில். அதைச் சுற்றி மாடவீதிகள். கிழக்கே ராஜகோபுரம், பதினோரு நிலை, 217 அடி. தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பே கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். 'எந்த கோபுரத்துப் பக்கம்?' என்று கேட்டுக்கொண்டாலே ஊரில் பாதி வழி தெரிந்த மாதிரி.

அம்மணி அம்மன் கோபுரம் என்று சொன்னேனே, அது 171 அடி. பாதியில் நின்றுபோயிருந்த அந்த கோபுரத்தை அம்மணி அம்மாள் என்ற துறவிப் பெண்மணி ஊர் ஊராகப் போய்க் காசு சேர்த்துக் கட்டி முடித்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வடக்கு வாசல் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பெண் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

ஊரின் பெரும்பகுதி கோயிலுக்குக் கிழக்கேயும் வடக்கேயும் பரவியிருக்கிறது. பேருந்து, ரயில், கடைத்தெரு எல்லாம் அந்தப் பக்கம்தான். கோயிலுக்குத் தென்மேற்கே செங்கம் சாலை போகிறது. அதில் சுமார் 2 கி.மீ. தூரத்தில் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமமும், அதையடுத்து ரமணாசிரமமும் இருக்கின்றன. மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை 14 கி.மீ. அதில் எட்டு திசைக்கும் எட்டு லிங்கங்கள். மலைக்கு மேற்கே, பாதையின் நடுவழியைத் தாண்டி அடி அண்ணாமலை கிராமம்.

வடநாட்டில் கோவர்த்தன மலையைச் சுற்றுவது ஏறக்குறைய 21 கி.மீ., கயிலையைச் சுற்றுவது 52 கி.மீ. என்பார்கள். அவற்றைப் பார்க்க நம் 14 கி.மீ. சின்னதுதான். ஆனால் வெறுங்காலோடு, இடுப்பில் குழந்தையோடு, ராத்திரி நேரத்தில் லட்சக்கணக்கானவர்கள் நடுவில் நடக்கும்போது அது சின்னதாகத் தெரியாது! நடந்து முடித்துக் கால் ஓய்ந்து திரும்பும்போது படுக்க ஓர் இடம் வேண்டாமா?

எந்த நாளில் வருவது?

அறை கிடைக்குமா, என்ன வாடகை என்பதெல்லாம் நாளைப் பொறுத்தது. பௌர்ணமி ராத்திரி, கார்த்திகை தீபத்தின் பத்து நாள், வருஷப் பிறப்பு, தொடர்ந்து விடுமுறை வரும் நாட்கள் - இவற்றில் அறைக்குப் பெரிய கிராக்கி. டிசம்பர், ஜனவரியில் செங்கம் சாலைப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் நிறையத் தங்குவார்கள். அப்போது அங்கேயும் இடம் அரிது.

கைக்குழந்தை இருக்கிறவர்களுக்கும், வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சாதாரண வாரநாளில் வாருங்கள். கிரிவலத்தை எந்த நாளிலும் செய்யலாம். செவ்வாய், புதன் மாதிரி நாளில் வந்தால் நல்ல அறை நியாயமான வாடகைக்குக் கிடைக்கும். கோயிலிலும் நிதானமாக நின்று கும்பிடலாம். சாதாரண நாட்களில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் பகலில் சுற்றுவது வேண்டவே வேண்டாம். தார் ரோடு தோசைக்கல் மாதிரி காயும். அந்த மாதங்களில் விடியற்காலை நாலு மணிக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

எங்கே தங்கலாம்?

இங்கே தங்குமிடங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் வசதியும் உண்டு, சங்கடமும் உண்டு.

1. மாடவீதி, சன்னதித் தெருப் பக்கம்: கோயில் கூப்பிடு தூரம். குழந்தை அழுதால் அறைக்கு ஓடி வந்துவிடலாம். ஆனால் சத்தம் அதிகம். விடிகாலையிலேயே ஒலிபெருக்கி ஆரம்பித்துவிடும். பழைய கட்டிடங்களில் லிப்ட் இருக்காது, படி செங்குத்தாக இருக்கும். பௌர்ணமியன்று வண்டிகளை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

2. செங்கம் சாலை, ரமணாசிரமப் பக்கம்: அமைதியான இடம். அறைகளும் பெரும்பாலும் புதியவை. கோயிலுக்குப் போக ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வேண்டும். குரங்குகள் உண்டு! ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனால் வாழைப்பழமும் போய்விடும், பால் புட்டியும் போய்விடும்.

3. பேருந்து நிலையம், ரயில் நிலையம், திண்டிவனம் சாலை, வேலூர் சாலைப் பக்கம்: காரில் வருகிறவர்களுக்கும், ராத்திரி இறங்கி விடியற்காலை கிளம்புகிறவர்களுக்கும் சௌகரியம். லிப்ட், ஜெனரேட்டர் உள்ள ஓட்டல்கள் இந்தப் பக்கம் அதிகம்.

4. சத்திரங்கள்: ஒவ்வொரு சமூகத்தாரும், ஊராரும் கட்டி வைத்த சத்திரங்கள் இங்கே ஏராளம். வாடகை குறைவு. பெரிய கூடத்தில் முப்பது பேர் படுக்கலாம். கூட்டமாக வருகிறவர்களுக்கு ஏற்றது. ஆனால் கழிப்பறை பொதுவாக இருக்கலாம், வெந்நீர் கிடைக்காமல் போகலாம். சிலவற்றில் தெரிந்தவர் கடிதம் கேட்பார்கள். கோயில் நிர்வாகம் கட்டிய யாத்ரி நிவாஸும் இருக்கிறது. அதற்கு முன்பதிவு அவசியம்.

5. ஆசிரமங்கள்: 'ரமணாசிரமத்தில் இலவசமா ரூம் தருவாங்களாமே!' என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். ரமண மகரிஷி 1896-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி இந்த ஊருக்கு வந்தவர். 1950 ஏப்ரல் 14 வரை இங்கேயே இருந்தார். அவருடைய தாயார் அழகம்மாளின் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் அந்த ஆசிரமம். அமைதியாக உட்கார்ந்து தியானம் செய்ய வருகிறவர்களுக்காகத்தான் அங்கே அறைகள். வெகு நாட்களுக்கு முன்பே எழுதி அனுமதி பெற வேண்டும். ஊர் சுற்றிப் பார்க்க வரும் குடும்பத்துக்கு அது லாட்ஜ் ஆகாது. குழந்தைகள் ஓடியாடிச் சத்தம் போட்டால் நமக்கே சங்கடமாக இருக்கும். தங்க இடம் கேட்காமல், தரிசனத்துக்கு மட்டும் தாராளமாகப் போய் வாருங்கள்.

இப்போது வீடுகளையே நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சமையல் அறை இருக்கும், குழந்தைக்குக் கஞ்சி வைக்கலாம், துணி காயப்போடலாம். ஆறேழு பேர் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும். ஆனால் படத்தில் பார்த்ததை நம்பிப் பணம் முழுவதையும் முன்னதாக அனுப்பிவிடாதீர்கள். உள்ளூர்க்காரர் யாரையாவது ஒரு நடை போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

நடுராத்திரி ஒரு மணிக்குத் தெருவில்!

சில வருஷங்களுக்கு முன் ஒரு பௌர்ணமி. எங்கள் உறவுக்காரப் பெண், ஆறு மாதக் குழந்தையோடும் மாமியாரோடும் வந்திருந்தாள். போனில் பேசி அறை சொல்லி வைத்திருந்தார்களாம். கூட்டத்தில் பஸ் தாமதமாகி, ராத்திரி பதினொன்றரைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். 'நீங்க வரலேன்னு வேற ஆளுக்குக் கொடுத்துட்டோம், இப்ப ஒரே ஒரு ரூம்தான் இருக்கு, நாலு மடங்கு வாடகை' என்றாராம் லாட்ஜ்காரர். வேறு நாலு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மாமியார் திண்ணையில் அப்படியே சாய்ந்துவிட்டார். அந்தப் பெண் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. 'சாமி கும்பிட வந்தது தப்பா அத்தை?' என்று கேட்டாள்.

சாமி கும்பிட வந்ததில் தப்பே இல்லை. கையில் ரசீது இல்லை, அதுதான் குறை. அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன். போனில் பேசும்போது இவற்றைக் கேட்டுவிடுங்கள்:

- வாடகை அன்றைய நாளுக்கு எவ்வளவு? பௌர்ணமிக்குத் தனி ரேட்டா? கூடுதல் ஆளுக்கு, குழந்தைக்கு என்ன?

- எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஒரு நாள்? சில இடங்களில் வந்ததிலிருந்து 24 மணி நேரம். சில இடங்களில் மதியம் முதல் மறுநாள் காலை வரை. ராத்திரி பத்து மணிக்குப் போய் முழு நாள் வாடகை கொடுக்க நேரலாம்.

- ராத்திரி தாமதமாக வந்தால் அறையை வைத்திருப்பார்களா? முன்பணம் கட்டிய ரசீதோ, எழுத்தில் ஒரு செய்தியோ வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பௌர்ணமி ராத்திரியில் நிற்காது.

- எந்த மாடி? லிப்ட் உண்டா? உட்காரும் கழிப்பறையா? (மூட்டுவலிக்காரர்களுக்கு இது முக்கியம்.) வெந்நீர் எந்த நேரத்தில் வரும்?

- வண்டி வாசல் வரை வருமா?

அறைக்குள் நுழைந்ததும்

பணம் கட்டுவதற்கு முன் அறையைப் பாருங்கள். கட்டிவிட்டுப் பார்த்தால் நம் பேச்சு எடுபடாது.

தாழ்ப்பாள் உள்பக்கம் சரியாக விழுகிறதா, பக்கத்து அறைக்குக் கதவு ஏதாவது இருக்கிறதா, குளியலறை ஜன்னல் மூடுகிறதா - பெண்களாக வந்தால் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். மெத்தை விரிப்பை ஓரத்தில் தூக்கிப் பார்த்தால் மூட்டைப்பூச்சி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா பாருங்கள். கொசுவலை கையோடு கொண்டு வந்தால் மிகவும் நல்லது. சின்னக் குழந்தைக்குக் குடை மாதிரி மடக்கும் வலை ஒன்று போதும்.

தவழும் குழந்தை இருந்தால் தரையோடு உள்ள பிளக் பாயிண்ட், பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, குளியலறையில் நிரப்பி வைத்த பக்கெட் - மூன்றிலும் கண் வையுங்கள். பக்கெட்டைக் கவிழ்த்தே வையுங்கள். ஊர் மாறினால் குழந்தைக்குப் புது உற்சாகம் வந்துவிடும், நமக்கோ அசதி!

லாட்ஜில் கொடுக்கும் விலாச அட்டையை ஆளுக்கொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வழி தவறினால் அதை ஆட்டோக்காரரிடம் காட்டினால் போதும்.

வருவதும் ஊருக்குள் சுற்றுவதும்

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய 190 கி.மீ. பஸ் ஏராளம். ரயில் விழுப்புரம் - காட்பாடி பாதையில் வருகிறது. சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த மின்சார ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். கட்டணம் வெகு சொற்பம். ஆனால் மாலை கிளம்பி நடுராத்திரியில் வந்து சேரும்படி நேரம் வைத்தார்கள். திரும்பும் வண்டி விடியற்காலையில். தனியாகக் குழந்தையோடு வருகிறவர்கள், அறை உறுதியானால் மட்டும் இதில் ஏறுங்கள். நேரத்தையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி, தீப நாட்களில் பஸ்கள் ஊருக்குள் வராது. வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை, அவலூர்பேட்டை சாலை, போளூர் சாலை, செங்கம் சாலை என்று ஒவ்வொரு சாலையின் முகப்பிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு அங்கேயே இறக்கிவிடுவார்கள். நீங்கள் எந்தச் சாலையில் வருகிறீர்களோ, அந்தப் பக்கத்திலேயே அறை பார்த்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். உதாரணமாக, பெங்களூரிலிருந்து செங்கம் வழியாக வருகிறவர்கள் செங்கம் சாலையிலும், சென்னையிலிருந்து வருகிறவர்கள் திண்டிவனம் சாலைப் பக்கமும் தங்கலாம். இந்தச் சின்ன யோசனையால் எங்கள் உறவில் பலர் பிழைத்தார்கள்!

திரும்பிப் போகும் பஸ் எந்த இடத்திலிருந்து புறப்படும் என்பதையும் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரிவலம் முடித்துக் களைத்துப் போய், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு பஸ் தேடி நடப்பவர்களை ஒவ்வொரு பௌர்ணமியும் பார்க்கிறேன்.

ஊருக்குள் ஆட்டோதான் பிரதானம். ஏறும் முன் பேசிவிடுங்கள்: எத்தனை பேர், எந்த இடம், மூட்டைக்குத் தனியா, காத்திருக்கக் கூலி உண்டா என்று. 'மேலே போட்டுக் கொடுங்க' என்ற பேச்சே வேண்டாம். என்ன கூலி நியாயம் என்று லாட்ஜிலோ பக்கத்துப் பூக்காரம்மாவிடமோ கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஷேர் ஆட்டோவில் கூலி குறைவு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சாதாரண நாளில் பொறுமையாகச் சுற்றுகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளை 2015-ல் தமிழகம் முழுவதும் திறந்தார்கள். கூச்சப்படாமல் கேட்டுப் போய் உட்காருங்கள். நாம் உபயோகித்தால்தான் அவை திறந்தும் சுத்தமாகவும் இருக்கும்.

நடக்கும் முன் கொஞ்சம் உடம்பைப் பாருங்கள்

வெறுங்காலோடு நடப்பது இங்கே வழக்கம். ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: வெறுங்காலோடு நடக்காதீர்கள். எங்கள் சித்தி ஒருவர், பத்து வருஷ சர்க்கரை. பதினாலு கிலோ மீட்டரும் நடந்து முடித்துவிட்டுப் பெருமையாக வந்து உட்கார்ந்தார். காலைக் கழுவும்போதுதான் கட்டை விரலடியில் கண்ணாடிச் சில்லு இருப்பதை நாங்கள் பார்த்தோம். அவருக்கு வலியே தெரியவில்லை! சர்க்கரை நாளாக நாளாகக் காலின் நரம்பு மரத்துப்போகும், காயம் பட்டதும் தெரியாது, சூடு பட்டதும் தெரியாது. புண் ஆறாமல் இரண்டு மாதம் கழித்து அந்த விரலையே எடுக்க வேண்டி வந்தது. மெத்தென்ற செருப்போடு நடங்கள், அல்லது சாதாரண நாளில் ஆட்டோவில் சுற்றி ஒவ்வொரு லிங்கத்திலும் இறங்கிக் கும்பிடுங்கள். ஈசன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். நெரிசலான நாட்களில் வரவே வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு, வெயிலானாலும் தாய்ப்பால் மட்டும் போதும். தனியே தண்ணீர் தர வேண்டியதில்லை. தாய் அடிக்கடி தண்ணீர், மோர் குடித்து, அடிக்கடி பால் கொடுத்தால் சரி. பெரிய குழந்தைகளுக்கு வழியில் விற்கும் ஐஸ் கலந்த பானங்களைத் தவிருங்கள். வயிற்றுப்போக்கு கண்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் ஆறவைத்த தண்ணீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, கை வைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும்.

நடக்கத் தெரிந்த குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு வையுங்கள். இன்னும் நல்லது, பேனாவால் முன்கையிலேயே எழுதிவிடுவது. கிளம்பும் முன் குழந்தையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'என்ன சட்டை போட்டிருந்தான்?' என்று போலீஸ்காரர் கேட்டால் பதற்றத்தில் நமக்கு நினைவு வராது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181.

பௌர்ணமி ராத்திரி பாதை முழுக்க ஜனங்கள் இருப்பார்கள், பயமில்லை. சாதாரண நாளில் பொழுது சாய்ந்த பிறகு மலையின் மேற்குப் பக்கம் ஆளரவம் குறைவு. பெண்கள் தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து போங்கள். நகையை அறையிலும் வைக்க வேண்டாம், கழுத்திலும் வேண்டாம், வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கரும்புத் தொட்டில் கட்டுகிறவர்களுக்கு

இளம் தாய்மார்கள் பலர் இங்கே வருவது பிரார்த்தனைக்காகத்தான். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையானார் என்பது தலபுராணம். இன்றைக்கும் மாசி மகத்தன்று, பள்ளிகொண்டாப்பட்டில் சுவாமி வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார்! குழந்தை வரம் கேட்டுப் பெற்றவர்கள் கரும்பில் புடவையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் குழந்தையைப் படுக்க வைத்து, இருபுறமும் தூக்கிக்கொண்டு வலம் வருவார்கள். தீபத் திருவிழாவில் இது நிறைய நடக்கும்.

பார்க்கக் கண் நிறையும். ஆனால் திருவிழா நெரிசலில் மூன்று மாதக் குழந்தையைக் கொண்டு வர வேண்டுமா என்று யோசியுங்கள். குழந்தைக்குத் தலை நிற்கட்டும், தடுப்பூசிகள் போட்டாகட்டும்; பிரார்த்தனை அதுவரை காத்திருக்கும். தொட்டில் கட்டும் நாளில் மாடவீதியிலேயே அறை எடுங்கள். தூரத்தில் தங்கினால், கூட்டத்தில் குழந்தையோடு ஆட்டோ தேடி அலைய வேண்டும். புடவை நல்ல கெட்டிப் பருத்தியாக இருக்கட்டும். பட்டு, நைலக்ஸ் வழுக்கும். முடிச்சை வீட்டுப் பெரியவர் ஒருவர் இழுத்துப் பார்த்த பிறகே குழந்தையைப் படுக்க வையுங்கள்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழை மாதம். 2024 டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகர் வீடு ஒன்றின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஞாயிற்றுக்கிழமையை இந்த ஊர் மறக்காது. ஆகவே பெருமழை என்று எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வந்துவிட்டீர்கள் என்றால் மலைச்சரிவை ஒட்டிய இடங்களில் தங்காமல் ஊரின் கிழக்குப் பக்கம் அறை பாருங்கள். மலைமேல் ஏற அனுமதியில்லை என்று போலீசார் சொன்னால், 'தெரிஞ்ச வழி இருக்கு, நான் கூட்டிப் போறேன்' என்று வருகிற எவர் பின்னாலும் போகாதீர்கள்.

கடைசியாக ஒரு கைவைத்தியம்

நடந்து முடித்து அறைக்கு வந்ததும் உடனே படுத்துவிடாதீர்கள். ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுப் பத்து நிமிஷம் காலை வையுங்கள். பிறகு துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துத் தூங்குங்கள். சர்க்கரைக்காரர்கள் காலை ஊற வைக்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, இன்னொருவரை விட்டுப் பாதத்தை வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீரின் சூட்டையும் அந்த இன்னொருவரே தொட்டுப் பார்க்கட்டும்.

காலையில் எழுந்ததும் நல்ல பசி எடுக்கும். சூடாக நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக பஸ் ஏறுங்கள். போய்ச் சேர்ந்ததும் தங்கிய இடம் எப்படி இருந்தது என்று உங்கள் தெருப் பெண்களுக்கும் சொல்லுங்கள். அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு அது உதவுமே!